இருநூற்றுப் பதினொன்று

அறுநூறு குதிரை.
அனுராதபுரச் சந்திக்குப் பின்னால்
என் கராஜின் தகரக் கூரைக்குக் கீழே
மூச்சுக்கூட விடாமல் நிற்கின்றன.
பொனெட்டைத் தூக்கினால்
எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ.
பின்கதவைத் திறந்தால்
பிள்ளை இருக்கை, பிஸ்கட் துகள்,
ஒற்றைச் சப்பாத்து.

உப்புவெளியில் ஹோட்டல் நடத்தும் விமலேந்திரன்
கொழும்பிலிருந்து இதைக் கொண்டுவந்த அன்று
சந்தனம் பூசி
சில்லுக்கு ஒன்றாய் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார்.
நாலு எலுமிச்சம்பழம்.
அவ்வளவுதான் அது வென்ற யுத்தம்.

பிறகு
காலையில் பள்ளிக்கூடம்,
பத்து மணிக்கு மரக்கறிச் சந்தை,
வெள்ளியென்றால் கோணேசர்.
கோட்டை வாசலில் புள்ளிமான் ஒன்று
நடுறோட்டில் படுத்து அசைபோடும்.
எழும்பு என்று சொல்லத் தெரியாமல்
அறுநூறும் அதன் முன்னே உறுமிக்கொண்டு நிற்கும்.
கச்சான் விற்கிற பெடியன் வந்து
ச்சூ என்றால்தான்
வழி.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை.
இந்த ஊரே அப்படித்தான்.
பெரும் கப்பற்படைகள் ஒதுங்கலாம் என்ற துறைமுகத்தில்
கோதுமையோடு ஒரு கப்பல்,
நாலைந்து வள்ளம், ஒரு கொக்கு.
சீனக்குடாக் காட்டுக்குள்
யாரோ யாருடைய யுத்தத்துக்கோ கட்டிய எண்ணெய்க் குதங்கள்
கொடி சுற்றிக் கிடக்கின்றன.
அதற்கு ஐந்தாறு மைல் தள்ளித்தான்
இரண்டு லீற்றர் பெற்றோலுக்கு
இரண்டு இரவு
வரிசையில் நித்திரை கொண்டோம்,
கான்களைக் கயிற்றில் கோத்து.

நேற்று வண்டி சேர்விசுக்கு வந்தது.
பின்டயரைத் தடவிப் பார்த்த நஸ்மீர்
"நானா, இது சந்தைக்குப் போன டயர் இல்ல" என்றான்.
ஸ்கானரைச் செருகினேன்.
கடைக் கணக்கப்பிள்ளை மாதிரி
மோட்டார் எல்லாம் எழுதி வைத்திருந்தது.
உச்ச வேகம் இருநூற்றுப் பதினொன்று.
செவ்வாய், காலை எட்டு ஆறு.

செவ்வாய் விமலேந்திரன் கொட்டாஞ்சேனையில்.
அங்கிருந்துதான் எனக்குப் போன் எடுத்து
ஒயில் விலை கேட்டவர்.

பின்னேரம் வண்டி எடுக்க வந்தா
சுபோதினி.
பில்லைப் பார்க்கவில்லை, ஸ்கானரைப் பார்த்தா.
"உதில அதெல்லாம் கிடக்குமோ?"
கிடக்கும் என்றேன்.

"இறக்கக்கண்டிப் பாலம் தாண்டினாப் பிறகு.
ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு.
ஒரு மாடுகூட இல்லை.
பிள்ளையளை விட்டிட்டு
வீட்டை போகாமல் சும்மா போனனான்.
மிதிச்சன்."

பயமில்லையோ?

"நூற்றி அறுபது மட்டும் பயம்.
அதுக்குப் பிறகு
பின்சீற்றில ஒருத்தரும் இல்லை எண்டது
முதுகில தெரிஞ்சுது."

குச்சவெளிக்கு முன்னமே நிறுத்தி
சீற்றுக்குக் கீழே உருண்ட பால்போத்தலைத்
தேடி எடுத்தாவாம்.
அது ஏன் சொன்னா என்று தெரியாது.

இரண்டரைத் தொன், அக்கா.
ஒரு நாய் குறுக்கே வந்தாலும்
நாயும் இல்லை நீங்களும் இல்லை.
மெக்கானிக் என்றபடியால் சொன்னேன்.
விலை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றா.

"அழிக்கலாமோ?"

அழிக்கலாம், ஒரு பட்டன்.
நிச்சயமா என்று மெசின் கேட்டது.
ஓம் என்றா.
அது இரண்டாம் தரமும் கேட்கும்.
கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ."
சேலைத் தலைப்பால்
திரையில் இருந்த கிறீஸ் விரலடையாளத்தைத் துடைத்து
அந்த எண்ணை
ஒருக்கால் வடிவாகப் பார்த்தா.

பிறகு நான் பில் எழுதினேன்.
ஒயில். பில்டர்.
பின்டயர் இரண்டு.
காரணம் என்ற இடத்தில்
நஸ்மீர் எட்டிப் பார்க்கப் பார்க்க
எழுதினேன்:
றோட்டு சரியில்லை.